நடந்து வந்த சாட்சிகள்

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் தென்காசிக்கே புது முகம் வந்துவிடுகிறது. ஊர் ஊராய் மக்கள் திரண்டு வருகின்றனர். அருவியில் தலையை நீட்டி, ஆண்டெல்லாம் சேர்ந்த அழுக்கையும் அலுப்பையும் அங்கேயே விட்டுச் செல்கின்றனர். அந்தக் காலத்தில் இங்கே வந்து தங்கியவர்கள் யார், தெரியுமா தோழர்களே? கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளை அதிகாரிகள்! நெல்லைச் சீமையின் வெயில் அவர்களுக்கு ஒவ்வாது. ஆகவே தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் குற்றால மலையடிவாரத்துப் பங்களாக்களில் வந்து தங்குவர். முகில் தவழும் முகட்டைக் கண்டு மகிழ்வர். மலைக்காற்றை நுகர்ந்தபடியே மாவட்டத்தை ஆள்வர்.

மலையடியில் குளிர். சமவெளியிலோ? சென்னை மாகாணத்தின் சமவெளிக் கச்சேரி வாசல்களில் அந்தக் காலத்தில் வேறொரு காட்சி. குடியானவன் ஒருவன் குனிந்து நிற்கிறான். பணிவினால் அல்ல. அவன் கழுத்தையும் கால் விரலையும் ஒரே கயிற்றில் பிணைத்திருக்கிறார்கள். முதுகின்மேல் ஒரு கல். தலைக்கு மேல் நண்பகல் ஞாயிறு. அவன் செய்த குற்றம் என்ன? கிஸ்தி கட்டவில்லை, அல்லது கட்டியது போதவில்லை, அல்லது கட்டியதற்கு மேல் சேவகன் கேட்ட கைக்கூலியைத் தரவில்லை.

அந்தக் கொடுமைக்கு 'அண்ணாந்தாள்' என்று பெயர். அதனினும் கொடியது 'கிட்டி'. இரண்டு கட்டைகளுக்கு இடையே கையையோ தொடையையோ காதையோ வைத்து, எலுமிச்சம் பழத்தைப் பிழிவது போல நெரிப்பது. பெண்கள்மீதும் அதைப் பயன்படுத்தினர். எந்த உறுப்பில் என்பதை எழுத என் பேனா கூசுகிறது. ஆனால் ஆணையத்தின் அறிக்கை கூசவில்லை, எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. அழுகை அறிக்கையானது எப்படி? அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். வரலாற்று நூல்களில் இரண்டு வரியில் கடந்துவிடுகிற செய்தி இது. வகுப்பிலே நானும் அப்படித்தான் கடந்துவிட்டேன், ஒரு நாள் அவமானப்படும் வரையில். அந்த அவமானத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கலெக்டருக்கு இது தெரியாதா?

1816ஆம் ஆண்டின் பதினோராம் ஒழுங்குச் சட்டம் தாசில்தாரிடமே போலீசு அதிகாரத்தையும் ஒப்படைத்தது. வரி தண்டுபவரும் அவரே, திருடனைப் பிடிப்பவரும் அவரே. ஒரே கையில் கணக்கும் கசையும்! அடிபட்டவன் யாரிடம் முறையிடுவது? கலெக்டரிடம் என்பீர்கள். முப்பது, நாற்பது, அறுபது கல் தொலைவு நடந்து கலெக்டர் முகாமிட்ட இடத்தைத் தேடிப் போக வேண்டும். போனால் அவர் அடுத்த ஊருக்குச் சென்றிருப்பார். துரத்திப் பிடித்து மனுவை நீட்டினால், அந்த மனு என்னவாகும்? "விசாரித்து அறிக்கை அனுப்புக" என்ற குறிப்போடு தாசில்தாரிடமே திரும்பி வரும். அடித்தவனே விசாரணை அதிகாரி! சித்திரவதை உண்டு என்பதைக் காட்டிலும், அதற்கு ஆளானவன் பரிகாரம் பெறுவதிலுள்ள இந்த அருமைதான் தங்கள் நெஞ்சை மிகுதியும் வருத்தியதாக ஆணையத்தாரே பின்னர் எழுதினர்.

ஆக, கலெக்டர்களிற் பலர் தங்களுக்குத் தெரியாது என்றனர். காதில் விழாத இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டால் தெரியாதுதான்.

இந்த மௌனத்தை உடைக்க முன்வந்தவர் சென்னையில் துணியும் அவுரியும் விற்ற ஒரு வணிகர். கஜுலு லட்சுமிநரசு செட்டி என்பது பெயர். 1806இல் பிறந்தவர். 1844இல் 'கிரசெண்ட்' என்ற ஆங்கில ஏட்டைத் தொடங்கினார். 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தை அமைத்தார். அந்த ஆண்டே அந்தச் சங்கம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு ஒரு நீண்ட மனுவை எழுதியது: வரிச்சுமை தாங்க முடியவில்லை, தண்டும் முறை கொடியது, நீதி தாமதிக்கிறது, செலவோ மிகுதி, பள்ளியும் பாதையும் பாசனமும் இல்லை. கம்பெனியின் பட்டயம் புதுப்பிக்கப்பட இருந்த நேரம் அது. நேரம் பார்த்துத்தான் மனுவை அனுப்பினர்.

மனு போயிற்று. மாற்றம் வந்ததா? உடனே வரவில்லை. "சென்னையில் குந்தியிருக்கும் சில வணிகர்களின் புலம்பல்" என்று ஒதுக்கிவிடுவது ஆள்வோருக்கு எளிது. இங்கேதான் லட்சுமிநரசுவின் மதிநுட்பத்தைப் பாரீர்! அவர் இரண்டாவது மனுவில் இன்னும் காரசாரமான சொற்களைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. கண்ணால் காணும் ஒருவரைத் தேடினார். ஹென்றி டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர், இந்தியச் சீர்திருத்தச் சங்கம் என்று இலண்டனில் 1853இல் தோன்றிய அமைப்பின் தலைவர், அவ்வாண்டு இந்தியாவிற்கு வந்தார். சென்னை வந்த அவரை நகரத்து விருந்துகளோடு நிறுத்திவிடாமல் மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்றார் செட்டியார். குடியானவனின் வாயிலிருந்தே சீமோர் கேட்கும்படி செய்தார்.

1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சென்னை மாகாணத்து நிலவரி பற்றிய விவாதம் எழுந்தது. பிளாக்கெட் என்ற உறுப்பினர் தொடங்கி வைத்தார். வரி தண்டுவதற்காகச் சித்திரவதை நடக்கிறது என்ற செய்தி அவையில் வெடித்தது. அப்படியும் நடக்குமா என்று கம்பெனியின் நண்பர்கள் முகம் சுளித்தனர். சீமோர் எழுந்தார். அவர் நூலகத்திலிருந்து பேசவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசினார். அரசு விசாரணைக்கு இசைய வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் இன்னொருவர் நினைவு வருகிறது. அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட தாமஸ் கிளார்க்சன். 1787இல் அவர் துறைமுகம் துறைமுகமாகக் குதிரையேறிச் சென்று, அடிமைக் கப்பல்களில் வேலை பார்த்த மாலுமிகளிடம் செய்தி சேர்த்தார். லிவர்பூலில் ஒரு கடையில் கைவிலங்கு, கால்விலங்கு, விரலை நெரிக்கும் திருகு, உண்ண மறுக்கும் அடிமையின் வாயைப் பிளக்கும் கருவி ஆகியவை வெளிப்படையாக விற்பனைக்கு இருந்தன. காசு கொடுத்து வாங்கினார். மேசைமேல் வைத்தார். அருளுரைகளுக்கு மறுப்புரை உண்டு. மேசைமேல் கிடக்கும் இரும்புக்கு என்ன மறுப்புரை? இருபது ஆண்டு கழித்து 1807இல் ஆங்கில நாடு அடிமை வாணிகத்தைச் சட்டத்தால் தடுத்தது.

சென்னைக்குத் திரும்புவோம். 1854 செப்டம்பரில் மாகாண அரசு மூவர் கொண்ட ஆணையத்தை அமைத்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன். முதலிருவர் அரசின் ஆட்கள். மூன்றாமவரான ஜான் புரூஸ் நார்ட்டன் வழக்கறிஞர். கம்பெனியின் நீதி நிர்வாகத்தைக் கடுமையாகத் தாக்கி நூல் எழுதியவர். குறை சொன்னவனையும் குழுவில் சேர்த்தார்கள் என்பதை இன்றைய ஆட்சிகளுக்கு நினைவூட்டலாம்.

குறையுடையோர் வந்து சொல்லலாம், எழுதியும் அனுப்பலாம் என்று அறிவிப்பு மாவட்டங்களுக்குச் சென்றது. பிறகுதான் நடந்தது அந்த வியப்பு.

சென்னை மாகாணத்தில் முதல் பயணிகள் தொடர்வண்டி ஓடியது 1856 ஜூலையில். இது 1854. நெல்லைக்கு இருப்புப்பாதை வர இன்னும் இருபதாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். தென்காசியிலிருந்து ஒருவன் சென்னை சென்று சேர வேண்டுமானால் நானூறு கல்லுக்குக் குறையாது; காலே வண்டி, மடியில் கட்டிய அவலே உணவு. மாகாணமோ தெற்கே குமரிக்கு அருகிலிருந்து வடக்கே கஞ்சம் வரை பரந்து கிடந்தது. எனினும் மக்கள் வந்தார்கள்! நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர். எழுதி அனுப்பியவர்கள் 1,440 பேர். ஆக மொத்தம் 1,959 முறையீடுகள். அவர்களுக்கு வழிச்செலவு கொடுப்பார் இல்லை. சொல்லிவிட்டு ஊர் திரும்பினால் அதே தாசில்தார், அதே சேவகன். ஆணையத்திற்குத் தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. காப்பாற்றும் அதிகாரமும் இல்லை. இருந்தும் வந்தார்கள்.

அந்த முறையீடுகளில் ஒன்றிரண்டைக் கேளுங்கள். கொள்ளிடத்துப் பாலவேலைக்குப் பலகையும் கரியும் விறகும் இலவசமாகத் தரும்படி தாசில்தார் ஊராருக்குக் கட்டளையிடுகிறார். ஒரு பார்ப்பனர் மறுக்கிறார். பன்னிரண்டு பேர் பிடித்து அவரை வதைக்கின்றனர். மேலதிகாரியிடம் மனு கொடுக்கிறார், மனு கிழித்தெறியப்படுகிறது. காரணம்? குறைந்த செலவில் பாலத்தை முடித்து அரசிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமாம்! இன்னொருவர் கிறித்துவர். பட்டாளம் ஊர் வழியே போனால் உணவுப் பொருள்களைச் சும்மா கொடுக்க வேண்டும், விலை கேட்டவன் தொலைந்தான் என்கிறார். கிட்டிக்குச் சாதியும் தெரியவில்லை, சமயமும் தெரியவில்லை.

இனி, ஆணையத்தார் எதைக் கொண்டு இவற்றை நம்பினர்? இதுதான் என்னைப் பெரிதும் கவர்ந்த பகுதி. ஒவ்வொரு முறையீட்டையும் தனித்தனியே எடுத்தால் ஐயுற இடமுண்டு. பகையால் பொய் சொல்லியிருக்கலாம். வரி கட்டாமல் தப்பப் புனைந்திருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான கல் இடைவெளியில், வேறு வேறு மொழி பேசி, வேறு வேறு சாதியில் பிறந்து, ஒருவரையொருவர் பார்த்திராத மக்கள் ஒரே வகைக் கொடுமையை, ஒரே முறையில் சொல்கிறார்களே! கூடிப் பேசி முடிவு செய்ய அவர்களுக்கு வழியே இல்லையே! தெலுங்கு நாட்டான் சொன்னதும் தமிழ்நாட்டான் சொன்னதும் பொருந்துகிறதென்றால் அது கட்டிய கதையாக இருக்க முடியாது. அதற்கு மேல், வெள்ளை அதிகாரிகளிடமே எழுத்து மூலம் கேட்டனர். பாதிரிமார்களும் வணிகர்களும் எழுதினர். அதிகாரிகளிற் பலர், "ஆம், நடக்கிறது" என்றே ஒப்புக்கொண்டனர்.

பாதிரிமார் என்றதும் ஒரு செய்தி. லட்சுமிநரசுவுக்கும் பாதிரிமார்க்கும் ஏழாம் பொருத்தம். அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக்கும் முயற்சியை 1840களில் எதிர்த்து நின்றவர் அவர். மதம் பற்றிய அவர் கருத்துகளில் நமக்கு உடன்பாடு இல்லாதவை ஏராளம். அது வேறு வழக்கு. இந்த வழக்கில் செட்டியாரின் சங்கம் சொன்னதும் அவரோடு மல்லுக்கு நின்றவர்கள் சொன்னதும் ஒரே பக்கத்தில் நின்றன. நண்பன் சொன்னால் பாதி நம்புவார்கள். பகைவனும் அதையே சொன்னால் முழுதும் நம்பித்தான் தீர வேண்டும். நாமோ நம் மேடையில் நம்மவர் கூறியதை நம்மவருக்கே திரும்பச் சொல்லிக் கைதட்டுப் பெறுகிறோம்.

1855 ஏப்ரலில் அறிக்கை வெளிவந்தது. சித்திரவதை உண்டு, வரிக்காகவும் உண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் உண்டு, மாகாணம் முழுவதும் பரவியிருக்கிறது. அரசு அமைத்த ஆணையமே இப்படி எழுதியபின் மறைப்பதற்கு ஏது திரை? வரி தண்டுபவர் கையிலிருந்து போலீசைப் பிரிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1859இன் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீசுத் துறையை அமைத்தது. தாசில்தாரின் இரண்டு கைகளில் ஒன்று கழன்றது. 1860இல் பிறந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, துன்புறுத்தி ஒப்புதல் வாங்குவதைக் குற்றமாக்கியது. அதன் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, வரிபாக்கியை வாங்க ஒருவனை வதைக்கும் வருவாய் அதிகாரியைப் பற்றியது! 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச்சட்டம் வந்துவிட்டது. அதன் 120ஆம் பிரிவிலும் அந்த அதிகாரி அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

வெற்றிதானா? முழு வெற்றி அன்று. அந்த அறிக்கை வெள்ளையரைக் காத்தது. கொடுமை செய்தவர்கள் நாட்டு அதிகாரிகள், வெள்ளை அதிகாரிகள் அதை வெறுப்பவர்கள் என்று எழுதியது. வரி எவ்வளவு என்று முடிவு செய்தவர் யார்? வாங்கிய வரி எந்தக் கருவூலத்திற்குப் போயிற்று? கிட்டியைப் பிடித்த கை கறுப்பு. நிரம்பிய பை வெள்ளையனுடையது. இதை அப்போதே தோலுரித்தவர் கார்ல் மார்க்சு. 1857 செப்டம்பரில் நியூயார்க் நாளேடொன்றில் இந்த அறிக்கையை வரி வரியாக எடுத்துக்காட்டி, சித்திரவதை நிதி நிறுவனமாகவே இயங்கியதை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது, ஆனால் ஆட்சியை மறைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டது என்ற பொருளில் எழுதினார். மேலைக் கடற்கரை எதையென்றே அறியாத ஒரு குடியானவனின் முறையீடு அட்லாண்டிக் கடலைத் தாண்டி அச்சேறிற்று. தன் மனுவை யார் யாரெல்லாம் படிப்பார் என்று எழுதினவனுக்கு எப்படித் தெரியும்?

கிட்டி ஒழிந்தது, கிட்டியின் பிள்ளைகள் ஒழியவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு மாண்டதை நாடறியும். அப்போது வழக்கை நிறுத்தியவை எவை? நீதித்துறை நடுவர் நேரில் சென்று எழுதிய அறிக்கையும், அதே நிலையத்தில் பணிபுரிந்த தலைமைக் காவலர் ஒரு பெண்மணி அச்சத்தோடு அளித்த வாக்குமூலமும். 2023 மார்ச்சில், தென்காசிக்குப் பக்கத்திலிருக்கும் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் பற்கள் பிடுங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்து, அரசு உயர்மட்ட விசாரணைக்கு உத்தரவிட்டது. சித்திரவதைக்கு எதிரான உலக உடன்பாட்டில் இந்திய அரசு 1997இல் கையொப்பமிட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. இடையிலே ஒரு நற்செய்தியும் உண்டு. 1986இல் மேற்கு வங்கத்துச் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவர் டி. கே. பாசு, காவல் நிலையச் சாவுகள் பற்றிய செய்தித்தாள் நறுக்குகளை ஒரு கடிதத்தோடு இணைத்து உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அந்தக் கடிதமே வழக்காயிற்று. கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை 1996 தீர்ப்பு வகுத்தது. கத்தரிக்கோலும் அஞ்சல் தலையும் செய்த வேலை.

இனி, நான் சொல்வதாகக் கூறிய அவமானம்.

எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். தாய் சுற்றுவாள், மகள் இலை வெட்டுவாள், முனை மடக்குவாள். கணக்குக் குறைகிற நாளில் மகளுக்குப் பள்ளி இல்லை. சென்ற ஆண்டு எங்கள் படிப்பகத் தோழர்கள் இதைப் பற்றி ஒரு மனு எழுதினோம். எழுதியவன் நான். உவமைக்கு உவமை, எதுகைக்கு எதுகை! பிஞ்சுக் கரங்கள் நஞ்சைச் சுருட்டுவதாகவும், பேனா பிடிக்க வேண்டிய விரல் பீடி மடிப்பதாகவும் உருக்கமாய் வரைந்தேன். ஓர் அலுவலகத்தில் ஓர் அதிகாரி அதைப் பொறுமையாகப் படித்தார். பிறகு கேட்டார்: "எத்தனை பிள்ளைகள்? எந்தெந்த வகுப்பு? எந்தெந்த நாள்? யார் கணக்கெடுத்தது?" "நூற்றுக்கணக்கில்..." என்றேன். "நூறா, தொள்ளாயிரமா?" என்றார். நான் விழித்தேன். வருகைப் பதிவேடு நாள்தோறும் என் கையில்தான் இருக்கிறது, தோழர்களே! அதைத் திறந்து பார்த்துவிட்டுப் போக எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவுதான் லட்சுமிநரசுவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். ஏட்டுக்கும் சங்கத்துக்கும் தம் செல்வத்தைச் செலவழித்து, 1868இல் ஏறத்தாழ வறியவராய் மறைந்தார் அவர் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

இப்போது நாங்கள் நால்வர் நான்கு தெருக்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் முடிவு வரை பார்ப்பதில்லை. எல்லோர் குறிப்பேட்டிலும் கேள்விகள் ஒன்றே: பிள்ளையின் வயது, வகுப்பு, சென்ற திங்களில் பள்ளிக்குப் போகாத நாட்கள், காரணம். காரணத்தை நாங்கள் எடுத்துக் கொடுப்பதில்லை. அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுகிறோம். காய்ச்சலென்றால் காய்ச்சல்தான். பீடி அல்லாத காரணங்களும் நாங்கள் எண்ணியதை விட மிகுதியாக வருகின்றன. அவற்றையும் அடிக்காமல் எழுதுகிறோம், மனம் சற்று வாடினாலும்.

முதல் தெருவில் முதல் வீட்டில் ஒரு மூதாட்டி. மடியில் முறம், முறத்தில் இலை. கேட்டதற்கெல்லாம் கைவேலையை நிறுத்தாமல் விடை சொன்னார். நான் பெயரை எழுதப் போனேன். கை நின்றது.

"எய்யா, எம் பேர எழுதிட்டுப் போறியே, நாளைக்கு அவன் எனக்கு எல தர மாட்டேன்னுட்டான்னா?"

எழுதிய இரண்டு எழுத்தை அவர் கண்முன்னே அடித்தேன். அந்த இடத்தில் ஓர் எண்ணை இட்டேன். அவர் எட்டிப் பார்த்தார். எழுத்தறியாதவர், ஆயினும் அடித்திருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துக்கொண்டார். பிறகு அடுத்த இலையை எடுத்து மடித்தபடி, போன திங்களில் பேத்தி எந்தெந்தக் கிழமை வீட்டில் இருந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.